கோடாரியின் பின்பக்கம்

கைக்கோடாரி ஒன்றைக் கையில் வாங்கியதும் எல்லாரும் என்ன செய்வார்கள்? கட்டைவிரலால் அதன் வாயை மெல்லத் தடவிப் பார்ப்பார்கள், கூர் இருக்கிறதா என்று. பின்பக்கத்தை யாரும் திருப்பிக்கூடப் பார்ப்பதில்லை. அந்தப் பின்பக்கத்தால் கெட்டுப்போன ஒரு குடும்பத்தைப் பற்றித்தான் உங்களுக்குச் சொல்ல உட்கார்ந்திருக்கிறேன். இதில் சிரிக்கவும் இடம் இருக்கிறது. சிரித்துக்கொள்ளுங்கள், தப்பில்லை. அவர்களும் சிரித்தவர்கள்தான்.

அண்ணன் தம்பி இரண்டு பேர். அண்ணன் கொல்லர். டயர் கடைக்கும் மரவாடிக்கும் நடுவில், தகரக்கூரை போட்ட பட்டறை அவருடையது. லாரியிலிருந்து கழற்றிப் போட்ட பழைய ஸ்பிரிங் பட்டைகளை வாங்கி வந்து, உலையில் காய்ச்சி, வெட்டி, அடித்து, கைக்கோடாரி செய்வார். வேட்டைக்குப் போகிறவர்கள் இடுப்பில் மாட்டிக்கொண்டு போகிற சின்னக் கோடாரி. காட்டுக்குள் கூடாரம் போட்டுத் தங்குகிறவனுக்கு அது ஒன்று போதும். விறகு பிளக்கலாம், முளை அடிக்கலாம், சுட்டு வீழ்த்திய காட்டுப்பன்றியின் நெஞ்செலும்பைப் பிளக்கலாம். கடையில் விற்கிற கோடாரி ஒரு மழைக்காலம் தாங்காது என்று சொல்லிக்கொண்டு, தூரத்திலிருந்தெல்லாம் ஆட்கள் இவரைத் தேடி வருவார்கள்.

அந்தக் கோடாரிக்குக் காம்பு போடுவது கொல்லரின் மனைவி. மரம் பார்த்து வாங்குவதும், காய வைப்பதும், செதுக்குவதும், தலையில் உள்ள துளையில் காம்பைச் செருகி ஆப்பு அடித்து இறுக்குவதும் அவர் கை வேலை. தெருவில் எல்லாரும் அவரைக் காம்பம்மா என்றுதான் கூப்பிடுவார்கள். "குடும்பத்தைக் கெடுக்கிறவங்களத்தான் ஊருல கோடாரிக்காம்புன்னு திட்டுவாங்க. எங்க வீட்டுல அதை வச்சுத்தான் அடுப்பே எரியுது" என்று அவரே சொல்லிச் சிரிப்பார்.

தம்பி பட்டறையில் வளர்ந்தவன்தான், ஆனால் அவனுக்குப் புகையும் சத்தமும் ஆகவில்லை. காடுதான் பிடித்தது. வேட்டைக்கு வருகிறவர்களைக் காட்டுக்குள் கூட்டிப்போய்த் தங்கவைத்துத் திருப்பிக் கொண்டுவந்து விடுகிற ஒரு முகாமில் வழிகாட்டியாகச் சேர்ந்தான். காற்று திரும்பினால் பன்றி எந்தப் பக்கம் போகும் என்று சொல்லிவிடுவான். அதனால் முகாமில் அவனுக்கு மோப்பம் என்று பெயர் வைத்துவிட்டார்கள். முகாம் முதலாளி தன் ஆட்களுக்கு வேண்டிய கோடாரிகளை எல்லாம் கொல்லரிடமே வாங்கினார். அண்ணனுக்குத் தம்பியால் வியாபாரம், தம்பிக்கு அண்ணனால் மரியாதை. இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரே ஒரு சுவர்தான். ஒரு வீட்டில் தும்மினால் அடுத்த வீட்டில் "என்ன, சளியா?" என்று கேட்பார்கள்.

இனி அந்த இரும்பைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன், பிறகு உங்களைக் கஷ்டப்படுத்த மாட்டேன். சிவக்கக் காய்ந்த இரும்பை எண்ணெயில் முக்கினால் அது இறுகிவிடும். கோடாரியின் வாய் இறுகியிருந்தால்தான் கூர் நிற்கும். அதனால் வாய்ப்பக்கத்தை மட்டும், இரண்டு விரல் அகலத்துக்கு, எண்ணெயில் இறக்குவார்கள். பின்பக்கத்தை, அவர்கள் மண்டை என்று சொல்வதை, முக்கவே கூடாது. அது இளக்கமாகவே இருக்க வேண்டும். ஏனென்றால் காட்டில் என்றைக்காவது ஒருவன் அந்த மண்டையின் மேல் இன்னொரு இரும்பால் அடிப்பான். அடிக்காதே என்று சொன்னாலும் அடிப்பான், மனிதன் அப்படித்தான். இளகிய இரும்பு அடி வாங்கினால் நசுங்கும். இறுகிய இரும்பு நசுங்காது. தெறிக்கும். இது கொல்லருடைய அப்பா காலத்திலிருந்து அந்தப் பட்டறையில் பச்சைக் குழந்தைக்கும் தெரிந்த விஷயம்.

ஒரு நாள் முகாம் முதலாளி புது ஆட்கள் சிலரைக் கூட்டிக்கொண்டு பட்டறைக்கு வந்தார். தம்பியும் கூட வந்தான். இடுப்பிலிருந்து தன் கோடாரியை உருவி எல்லாருக்கும் முன்னால் தூக்கிக் காட்டினான். கூடார முளை அடித்து அடித்து அதன் மண்டை நாய்க்குடை மாதிரி விரிந்து கிடந்தது.

"பாத்துக்கோங்க சார், எங்க அண்ணன் கைவேலைய. முன்னால பாத்தா புலி. திருப்பிப் பாத்தா பூனை."

வந்தவர்கள் சிரித்தார்கள்.

"டேய், அது அப்படித்தான்டா இருக்கணும்" என்றார் கொல்லர்.

"எப்படி, வெண்ணெய் மாதிரியா? அண்ணா, மழை பேஞ்ச மண்ணுல முளை அடிச்சதுக்கே மண்டை கலங்கிடுச்சு. பாறையில அடிச்சிருந்தா உன்னை மாதிரியே வழுக்கை ஆயிருக்கும்."

மறுபடியும் சிரிப்பு. முதலாளி கூடச் சிரித்தார். தம்பி கேலி செய்வது புதிதில்லை. எப்போதும் வாங்கிக்கொள்கிறவர்தான் கொல்லர். அன்றைக்கு வந்தவர்களில் ஒருவர் எடுத்துப் பார்த்துக்கொண்டிருந்த கோடாரியை மெதுவாகத் திரும்ப வைத்துவிட்டார். அது கொல்லருக்குச் சுருக்கென்று பட்டுவிட்டது.

கோபம் வந்தால் கத்துகிறவர் இல்லை கொல்லர். கோபம் வந்தால் வேலை செய்வார். அவர்கள் போனதும் ஒரு புதுத் தலையை எடுத்துத் தம்பிக்கென்று அடிக்க ஆரம்பித்தார். அழகான வேலை. கடைசியில் முழுத் தலையையும் சிவக்கக் காய்ச்சினார். இடுக்கியில் பிடித்து, வாயோடு நிறுத்தாமல், மண்டையோடு சேர்த்து எண்ணெயில் இறக்கினார்.

காம்பம்மா பக்கத்தில் உட்கார்ந்து காம்பு செதுக்கிக்கொண்டிருந்தார். எண்ணெய் கொதித்த சத்தத்தில் நிமிர்ந்து பார்த்தார்.

"என்னங்க, மண்டையும் உள்ள போகுது?"

"போகட்டும்."

"அது கூடாதே."

"இனிமே நசுங்குதான்னு பாத்துச் சொல்லச் சொல்லு அவனை. வெண்ணெயாம், வெண்ணெய்."

காம்பம்மா இன்னொரு தடவை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. கோபம் ஆறினதும் அவரே திரும்பக் காய்ச்சி இளக்கிவிடுவார் என்று நினைத்தார். அவர் இளக்கவில்லை. காலையில் தலையைக் கொண்டுவந்து மனைவியின் மடியில் போட்டார். காம்பம்மா காம்பு போட்டுக் கொடுத்துவிட்டார். தம்பி வந்து வாங்கிக்கொண்டு, மண்டையை உலையோரக் கல்லில் தட்டிப் பார்த்து, "ணங்"கென்ற சத்தத்தைக் கேட்டு, "அடடா, அண்ணனுக்கு ரோசம் வந்துடுச்சு!" என்று கட்டிப்பிடித்துக்கொண்டான். உண்மையிலேயே சந்தோஷப்பட்டான். அந்த இரும்பு முழுக்க இறுகியிருக்கிறது என்று அந்தச் சத்தத்திலேயே அவனுக்குத் தெரிந்திருக்க வேண்டும். கொடுத்தது அண்ணன், அதனால் அவன் யோசிக்கவில்லை.

மழை பிடிப்பதற்கு முன் ஒரு வேட்டைக்குப் போனான். பன்றி விழுந்தது. நெஞ்செலும்பைப் பிளக்கக் கோடாரியின் வாயை எலும்பின் மேல் வைத்து, கூட வந்தவரின் கோடாரியை வாங்கி, அதன் பின்பக்கத்தால் தன் கோடாரியின் மண்டையில் ஓங்கி ஒரு அடி அடித்தான். மண்டையின் ஓரம் நகத்தளவு தெறித்தது. தெறித்தது இடது கண்ணுக்குள் போயிற்று.

கண்ணை எடுத்துவிட்டார்கள்.

ஆஸ்பத்திரியில் தம்பி கட்டோடு படுத்திருந்தான். தலைமாட்டில் அவன் மனைவி, எல்லாரும் சின்னவள் என்று கூப்பிடுகிறவள், புடவைத் தலைப்பை வாயில் திணித்துக்கொண்டு நின்றாள். கால்மாட்டில் அண்ணனும் காம்பம்மாவும். முகாம் முதலாளி பழப்பையோடு உள்ளே வந்து, முதல் கேள்வியாக அதைத்தான் கேட்டார்.

"கோடாரி எப்படிப்பா உடையும்? நம்ம ஆளுங்க எல்லார்கிட்டயும் அதானே இருக்கு?"

கொல்லரின் முகத்தைக் காம்பம்மா பார்த்தார். வாய் திறப்பார் என்று நினைத்தார். திறக்கத்தான் போனார் என்று பிற்காலத்தில் சத்தியம் செய்தார் காம்பம்மா. உதடு அசைந்ததாம். அதற்குள் தம்பி முந்திக்கொண்டான்.

"கோடாரியில ஒண்ணும் குறையில்ல சார். என் தப்பு. இரும்பு மேல இரும்பால அடிச்சேன், கோணலா வேற அடிச்சேன். அவசரம்."

"அப்போ மத்ததெல்லாம்..."

"எங்க அண்ணன் கோடாரிக்கு நான் கேரண்டி சார். என் கண்ணுக்குத்தான் இல்ல."

முதலாளி தலையில் அடித்துக்கொண்டு சிரித்தார். கொல்லரின் உதடு மூடிக்கொண்டது.

வீட்டுக்குத் திரும்புகிற வழியில் பேருந்தில் காம்பம்மா காத்துக்கொண்டே வந்தார். இறங்குகிற இடம் வருகிறபோது கொல்லர் பேசினார்.

"அவனே சொல்லிட்டான், பாத்தியா."

"என்னத்த சொன்னாரு?"

"கோணலா அடிச்சேன்னு."

அவ்வளவுதான். இறங்கி நடந்தார்.

தம்பி வீட்டுக்கு வந்த பிறகு ஒரு மதியம், சின்னவள் கடைக்குப் போன நேரம், காம்பம்மா அவனுக்குச் சாப்பாடு எடுத்துக்கொண்டு போனார். தட்டை வைத்துவிட்டுத் தயங்கி நின்றார். தம்பி தலையைச் சாய்த்து நல்ல கண்ணால் அவரைப் பார்த்தான்.

"உக்காருங்க அண்ணி. நீங்க கேக்க வந்ததை நானே சொல்றேன். உடைஞ்ச இடத்தைப் பாத்தேன். ரத்தத்தைத் துடைச்சிட்டு, இன்னொரு கண்ணால முதல்ல அதைத்தான் பாத்தேன். சக்கரை மாதிரி மினுங்கிச்சு. இளகின இரும்பு அப்படியா உடையும்? மடங்கும். நான் பட்டறையில பொறந்தவன் அண்ணி."

காம்பம்மாவுக்கு அழுகை வந்துவிட்டது. "நான் பாத்துக்கிட்டே இருந்தேன் தம்பி. நான்தான் காம்பு போட்டேன்."

"தெரியும். உங்க ஆப்பு. அது மட்டும் அசையவே இல்ல" என்று சிரித்தான். "விடுங்க. நான் சீண்டினேன், அவரு முக்கினாரு. அந்தத் தலைய ஆத்துல எறிஞ்சுட்டேன். யார் கையிலயாவது மாட்டி, பட்டறைப் பேரு போயிடக் கூடாது பாருங்க."

"ஏன் தம்பி இப்படிப் பண்ணீங்க? பழியை உங்க தலையில நீங்களே ஏன் போட்டுக்கிட்டீங்க?"

"அண்ணனுக்கு வேற என்ன தெரியும் அண்ணி? எனக்குக் காடு இருக்கு. கட்டு பிரிச்சதும் போயிடுவேன். காட்டுக்கு ஒரு கண்ணு தாராளம். துப்பாக்கி சுடறவன் ஒண்ண மூடிக்கிட்டுத்தானே சுடறான்? எனக்கு அந்த வேலை மிச்சம்." பிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னான். "ஒண்ணே ஒண்ணுதான். அண்ணன் ஒரு நாள் வந்து என்கிட்ட சொல்லுவாரு. ஊருக்குச் சொல்ல வேணாம். எனக்கு மட்டும். 'ஆமாடா, நான்தான் முக்கிட்டேன்'னு. அது போதும். அதுக்கப்புறம் நானும் மறந்துடுவேன்."

பிள்ளைகளா, அவன் கேட்டது அவ்வளவுதான். கண்ணைக் கேட்கவில்லை. காசைக் கேட்கவில்லை. ஒரு வார்த்தை.

கொல்லர் தம்பி வீட்டுக்குத் தினமும் போனார். மருந்து வாங்கிக் கொடுத்தார். தலையணை சரியாக இருக்கிறதா என்று பார்த்தார். தம்பி அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருப்பான். கொல்லர் மழையைப் பற்றிப் பேசுவார், கரி விலையைப் பற்றிப் பேசுவார், எழுந்து போய்விடுவார். சின்னவள் கதவைச் சாத்திக்கொண்டே முணுமுணுப்பாள்: "வந்தாரு, வானிலை அறிக்கை வாசிச்சாரு, போனாரு."

பட்டறையில் கோடாரி வாங்க வருகிறவர்கள் கேட்கத் தொடங்கினார்கள். விஷயம் பரவியிருந்தது. முதலில் கொல்லர் குனிந்தபடியே சொன்னார்: "பின்பக்கம் இரும்பால அடிக்காதீங்க." அப்புறம் கொஞ்சம் நிமிர்ந்து சொன்னார்: "என் தம்பியே அப்படி அடிச்சுத்தான் கண்ணைத் தொலைச்சான்." இன்னும் கொஞ்ச நாள் போனதும் நடித்தே காட்டத் தொடங்கினார். கோடாரியைக் கட்டையின் மேல் வைப்பார், நாக்கைத் துருத்திக்கொண்டு, குடித்தவன் மாதிரி ஆடி, கோணலாக ஓங்குவார். "இப்படி அடிச்சா, எப்பேர்ப்பட்ட இரும்பா இருந்தாலும் தாங்குமா சார்?" வந்தவர்கள் சிரித்துவிட்டு வாங்கிப்போவார்கள். கண்ணைப் பறித்த கோடாரி என்று ஆகிவிட்ட பிறகு, அதற்குக் கிராக்கி ஏறியதே தவிரக் குறையவில்லை. எவ்வளவு கெட்டியாக இருந்தால் அப்படித் தெறிக்கும் என்று ஆண்கள் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டார்கள்.

காம்பம்மா ஒரு நாள் கேட்டார். "உங்களுக்கு வாய் கூசலையா?"

"எதுக்கு?"

"கோணலா அடிச்சதை நீங்க பாத்தீங்களா?"

"அவனே சொன்னானே!" என்று கண்ணை அகல விரித்தார் கொல்லர். அந்த முகத்தில் கள்ளம் தெரிந்திருந்தால் காம்பம்மாவுக்கு ஆறுதலாக இருந்திருக்கும். தெரியவில்லை. நெல்லைக் குத்திக் குத்தி உமியை ஊதிவிடுகிற மாதிரி, சொல்லிச் சொல்லியே அந்த எண்ணெய்ச் சட்டியை அவர் மனசிலிருந்து ஊதிவிட்டிருந்தார்.

கட்டுப் பிரித்து, புண் ஆறி, தம்பி முகாமுக்குப் போகத் தயாரானான். முகாம் முதலாளி பட்டறைக்கு வந்தார். காம்பம்மா மூலையில் காம்பைத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"மோப்பம் வேலைக்கு வரேங்கறான். கண்ணைப் பத்தி எனக்குக் கவலை இல்ல. அவன் மூக்குக்குத்தான் நான் சம்பளம் குடுக்கறேன். ஆனா நாலு பேரு உயிரை அவன் கையில குடுக்கணும். கவனமில்லாம அடிச்சேன்னு அவனே சொல்றான். நீங்க அண்ணன். நீங்க சொல்லுங்க, அனுப்பலாமா?"

இதுதான் நேரம் என்று காம்பம்மாவின் கை நின்றது. 'அவன் கவனமில்லாதவன் இல்ல' என்று ஒரு வாக்கியம். மிச்சத்தைச் சொல்லாவிட்டால்கூடப் பரவாயில்லை.

கொல்லர் சம்மட்டியைக் கீழே வைத்தார். கண்ணில் நீர்கூட வந்தது.

"எனக்குப் பயமா இருக்கு சார். கத்தி, துப்பாக்கி, கோடாரின்னு புழங்குற இடம். மிச்சம் இருக்கிறது ஒரு கண்ணு. அவன் சின்னதுலேருந்தே அவசரக்குடுக்கை. என் பக்கத்துலயே இருக்கட்டும். நான் பாத்துக்கறேன்."

முதலாளி அவர் தோளைத் தட்டிவிட்டுப் போனார். அண்ணன் என்றால் இப்படி இருக்க வேண்டும் என்று போகிற வழியில் டயர் கடைக்காரரிடம் சொல்லிவிட்டுப் போனாராம்.

மறுநாள் காம்பம்மா முகாம் அலுவலகத்துக்குப் போனார். முகாமில் மேசை மேல் மான் கொம்பு, சுவரெல்லாம் செத்த மிருகங்களோடு சிரிக்கிற மனிதர்களின் படம். நாற்காலி நுனியில் உட்கார்ந்து, நடந்ததை நடந்தபடி சொன்னார். முதலாளி கடைசிவரை கேட்டார். கெட்டவர் இல்லை அவர்.

"அம்மா, உங்க கொழுந்தன் ஆஸ்பத்திரியில என்கிட்ட வேற சொன்னான்."

"அண்ணனைக் காப்பாத்தச் சொன்னாரு."

"இப்ப நீங்க கொழுந்தனைக் காப்பாத்தச் சொல்றீங்க. நான் யாரை நம்பறது? அந்தக் கோடாரி எங்க? கொண்டாங்க, யார்கிட்டயாவது காட்டிக் கேக்கலாம்."

"ஆத்துல போட்டுட்டாரு."

முதலாளி பெருமூச்சு விட்டார். "சரி. நீங்க சொல்றதே நிசம்னு வச்சுக்குவோம். அப்போ உங்க பட்டறைக் கோடாரி ஒண்ணை நம்பி நான் ஆளுங்கள காட்டுக்கு அனுப்ப முடியுமா? எல்லாத்தையும் திருப்பி அனுப்பணும். அனுப்பட்டுமா? நீங்களே சொல்லுங்க."

காம்பம்மா மான் கொம்பைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பிறகு எழுந்து வந்துவிட்டார். அவரைத் திட்டாதீர்கள். அவருக்கும் அந்த அடுப்புதான்.

தம்பி பட்டறைக்கு வேலைக்கு வந்தான். ஒற்றைக் கண்ணுக்குத் தூரம் பிடிபடாது. சம்மட்டி ஓங்கினால் இரும்பின் பக்கத்தில் விழும். அதனால் அவனை மெருகு போடுகிற சக்கரத்தில் உட்கார வைத்தார்கள். கோடாரி வாய்க்குத் தோல் உறை தைப்பதும் அவன் வேலை ஆயிற்று. காற்றின் திசையில் நடந்தவன், தகரக்கூரையின் கீழே முதுகை வளைத்து உட்கார்ந்தான். "மோப்பம் பிடிக்க இங்கயும் இருக்கு அண்ணி, கருகின எண்ணெய்" என்பான்.

கொல்லர் நடிப்பதை நிறுத்தவில்லை. இப்போது சாட்சியே பக்கத்தில் இருந்தது. நாக்கைத் துருத்தி, ஆடி, கோணலாக ஓங்கி முடித்ததும் சக்கரத்தின் பக்கம் திரும்புவார்.

"இல்லையாடா?"

"ஆமாண்ணா" என்பான் தம்பி. வந்தவர்கள் முதலில் அவன் கண்ணைப் பார்த்துத் திகைப்பார்கள். அவன் சிரிப்பதைப் பார்த்து அவர்களும் சிரிப்பார்கள்.

"எதுக்கு ஆமா போடறே?" என்று சின்னவள் சுவருக்கு அந்தப் பக்கம் சண்டை போடுவது காம்பம்மாவுக்குக் கேட்கும். "நாக்குல புண்ணா? இல்லன்னு ஒரு வார்த்தை சொன்னா வாய் வெந்துடுமா?"

"சொல்லுவாருடி. அவரே சொல்லுவாரு."

"எப்போ? இன்னொரு கண்ணும் போன பிறகா?"

இப்படியே ஒரு வருஷத்துக்கு மேல் போயிற்று.

ஒரு காலையில் வேட்டைக்காரர் ஒருவர் தன் மகளோடு வந்தார். மகள் காலேஜில் படிக்கிற வயது. கையில் இந்தப் பட்டறையில் முன்பு வாங்கிய கோடாரி. மண்டை விரிந்திருந்தது.

"அருமையான கோடாரி. பின்பக்கம்தான் இப்படி ஆயிடுது. இந்தத் தடவை இவளும் வரா, இதை இவதான் வச்சுக்கப் போறா. இந்த இடத்தையும் கெட்டியாக்கிக் குடுக்க முடியுமா?"

"முளை அடிச்சு அடிச்சு அசிங்கமா இருக்குங்க" என்றாள் அந்தப் பெண்.

கொல்லர் கோடாரியை வாங்கித் திருப்பிப் பார்த்தார்.

"அதுக்கென்னம்மா, ஆக்கிடலாம். விரிஞ்சதை அடிச்சுச் சரிபண்ணி, மண்டையோட சேத்து ஒரு முக்கு முக்கிட்டா அசையாது. இரும்பால மட்டும் அடிக்கக் கூடாது. எங்க தம்பி மாதிரி..." என்று நாக்கைத் துருத்தி ஆட ஆரம்பித்தார்.

சக்கரம் நின்றுவிட்டது.

கொல்லர் ஆடி முடித்து, கோடாரியை மனைவியிடம் நீட்டினார். "காம்பைக் கழட்டு."

காம்பம்மா வாங்கினார். கழற்றவில்லை. மடியில் வைத்துக்கொண்டு தம்பியைப் பார்த்தார். தம்பி அந்தப் பெண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"இல்லையாடா?" என்றார் கொல்லர், வழக்கம்போல.

"இல்லண்ணா."

கொல்லர் சிரித்துக்கொண்டே திரும்பினார். வேடிக்கை செய்கிறான் என்று நினைத்தார் போல.

தம்பி எழுந்து வந்து அந்தப் பெண்ணின் முன்னால் நின்றான். "மண்டை நசுங்கினா நசுங்கட்டும்மா. அதை இறுக்கக் கூடாது. எனக்கு இறுக்கிக் குடுத்தாங்க. நான் நேராத்தான் அடிச்சேன்."

"யாரு இறுக்கிக் குடுத்தா?" என்று கேட்டார் அந்தப் பெண்ணின் அப்பா.

தம்பி திரும்பினான். அண்ணனைப் பார்த்தான். இவ்வளவு நாள் காத்திருந்தானே, அந்த இடத்தையும் அவருக்கென்றே விட்டுவைத்தான். வாயில் ஊட்டிவிடாத குறை.

கொல்லரின் முகத்தில் கோபம் இல்லை. குழப்பம்தான் இருந்தது.

"நானா? எப்போடா?" என்றார்.

வேட்டைக்காரர் காம்பம்மாவின் மடியிலிருந்து கோடாரியை மெல்ல எடுத்துக்கொண்டார். "அப்புறம் வரோம்" என்றார். மகளைத் தோளில் கைவைத்துத் திருப்பிக் கூட்டிக்கொண்டு போனார்.

அவர்கள் தெருவில் இறங்கும்வரை கொல்லர் காத்திருந்தார்.

"குளிர்ந்துச்சாடா மனசு? வீடு தேடி வந்த ஆளை விரட்டியாச்சு. வருஷக்கணக்கா உள்ள வச்சுக்கிட்டுத்தான் என் பக்கத்துல உக்காந்து என் சோத்தைத் தின்னியா?"

"அண்ணா..."

"உன்னை மூலையில போட்டுடாம கூட வச்சுக்கிட்டேன் பாரு, அதுக்குத்தான் இது. எவன் முன்னாலயும் என்னை இப்படி..." குரல் உடைந்தது. அவர் நடிக்கவில்லை. அவருக்குத்தான் அநியாயம் நடந்துவிட்டது, அவர் கணக்கில்.

அப்போது காம்பம்மா எழுந்தார். மடியில் இருந்த மரத்தூள் கீழே கொட்டியது.

"நீங்கதான் முக்கினீங்க. இவரு பூனைன்னு சொன்ன அன்னிக்கு. நான் இங்க உக்காந்திருந்தேன். கூடாதேன்னேன். 'நசுங்குதான்னு பாத்துச் சொல்லச் சொல்லு'ன்னீங்க. காலையில என் மடியில கொண்டாந்து போட்டீங்க. நான்தான் காம்பு போட்டேன்."

கொல்லர் அவரைப் பார்த்தார். எங்கேயோ ஆழத்தில் எண்ணெய் கொதிக்கிற சத்தம் அவருக்குக் கேட்டிருக்க வேண்டும். முகம் மாறியது. வெளுத்தது. கை தானாகவே பின்னால் போய்ச் சுவரைத் தேடிப் பிடித்தது. தம்பி ஒரு அடி முன்னால் வந்தான். இதோ, இப்போது என்று நினைத்தான்.

கொல்லர் தம்பியைப் பார்க்கவில்லை. மனைவியைப் பார்த்தே சொன்னார்.

"நான் முக்கினது தெரிஞ்சும் நீ காம்பு போட்டே இல்ல? அப்போ உனக்கும் பங்கு இருக்கு. பாதி உன்னோடது. எங்கிட்ட மட்டும் வந்து நிக்காதீங்க."

நான் முக்கினது. அந்தச் சொல்தான். தம்பி கேட்கக் காத்திருந்த அதே சொல். வந்துவிட்டது. அவனைத் தாண்டிக்கொண்டு போய், பாதியாகப் பிளந்து, இன்னொருத்தர் தலையில் விழுந்தது.

தம்பி தோல் மேலங்கியை அவிழ்த்து ஆணியில் மாட்டினான். "வரேன் அண்ணி" என்று காம்பம்மாவிடம் மட்டும் சொல்லிவிட்டுத் தெருவில் இறங்கினான். பட்டப்பகலில் வீட்டுக்கு வந்து நிற்கிறவனைப் பார்த்துச் சின்னவள் கையில் இருந்த துடைப்பத்தைப் போட்டுவிட்டு ஓடிவந்தாள்.

"என்னாச்சு? அடி பட்டுடுச்சா?"

"இல்ல."

"அப்புறம்?"

"அண்ணன் சொல்லிட்டாரு."

சின்னவள் அவன் தோளைப் பிடித்தாள். "நிசமாவா? உன்கிட்டயா? என்னன்னு சொன்னாரு?"

தம்பி படியில் உட்கார்ந்தான். செருப்பைக் கழற்றினான். கழற்றின செருப்பை ஏனோ திரும்ப மாட்டிக்கொண்டான்.

"என்கிட்ட இல்ல. அண்ணிகிட்ட. பங்கு பிரிக்கும்போது சொன்னாரு."

அவளுக்குப் புரியவில்லை. அவன் விளக்கவும் இல்லை. சின்னவளும் பக்கத்தில் உட்கார்ந்தாள். சுவருக்கு அந்தப் பக்கம் யாரோ தும்மினார்கள். இந்தப் பக்கத்திலிருந்து யாரும் ஒன்றும் கேட்கவில்லை.